பரிமாறியவள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் தம்பிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வயிற்றோரத்தில் பை பொருத்தியிருக்கிறார்கள். கட்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. போனில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

பையை நான்தான் மாற்றுகிறேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். முதலில் நர்ஸைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இப்போது என் சலவைக்கூட வேலையில் விரிப்பு மடிக்கிற மாதிரி பழகிவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், என் வேலையை மதியத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது எழுத வந்த விஷயம். போன வாரம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, வீட்டில் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். சின்னப் பெண், சும்மாதான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா முந்திக்கொண்டார். "இவ என்னத்தப் போட்டாளோ அதத்தான் அவன் தின்னான். வறுத்தது, பொரிச்சது, டப்பால அடைச்ச இறைச்சி. ஒரு கீரையக் கண்ணுல காட்டியிருப்பாளா?" என்றார். அந்தப் பெண் உங்கள் தம்பி பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "காய் நறுக்க அவளுக்குச் சோம்பல்" என்றார், அண்ணி. என் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது பீன்ஸ் வைத்தேன். "நான் என்ன ஆடா?" என்று அவர் தட்டைத் தள்ளினார். நீங்கள் சிரித்தீர்கள். இறைச்சியில் கருகிப்போன ஓரம் யாருக்கு என்று அக்காளும் தம்பியும் அடித்துக்கொண்டீர்கள். கேரட்டைத் துருவிக் கொத்துக்கறியில் ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்துத் துப்பிவிட்டு, அந்த வாரம் முழுக்க வெளியில் சாப்பிட்டார். துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறிவிட்டால் மதியத்துக்கும் இறங்க மாட்டார். ஏணியில் இறங்கி ஏறுவதற்குச் சலித்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ரொட்டிக்குள் சாசேஜை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுவார். ரத்தம் போனதை மூலம்தான் என்று நினைத்து ஒரு வருஷம் என்னிடம் மறைத்தார்.

டாக்டரிடம் நானே கேட்டேன், சாப்பாட்டால்தான் வந்ததா என்று. "ஒரு தட்டக் காட்டி இதனாலதான்னு யாராலும் சொல்ல முடியாதும்மா. ஆனா வருஷக்கணக்கா இப்படியே சாப்பிட்டா வர்ற வாய்ப்பு கூடும்" என்றார். அந்த வருஷமெல்லாம் நான் சமைத்ததுதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு எதை வைத்தாலும் அது குப்பைக்குத்தான் போனது.

என் மகள் என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தனக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் எதையோ வேகவைத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். அத்தை சொன்னால் அவள் கேட்பாள். அம்மா மேல் தப்பில்லை என்று அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன். தம்பியை நினைத்துத்தான்.

நீ எழுதியது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் இந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சாகப்போகிறவனைப் பார்த்து, நீயே தின்று தேடிக்கொண்டாய் என்று நான் எழுதட்டுமா? அம்மாவுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவள் மனசு உடைந்துபோகும். அந்த ஆளாக நீ இருந்துவிட்டுப் போ. உனக்குத் தெம்பு இருக்கிறது, தாங்குவாய். வேற்று வீட்டிலிருந்து வந்தவள் மேல் பழி விழுந்தால் கொஞ்ச நாளில் ஆறிவிடும். ரத்த உறவுக்குள் விழுந்தால் ஆறாது.

பிள்ளை சின்னவள், வளர்ந்தால் புரிந்துகொள்வாள். தம்பிக்கு நேரத்துக்கு மருந்து கொடு. அவன் கேட்டதைச் செய்து போடு, இனி என்ன பத்தியம்.

அன்புடன்,
உன் அண்ணி

*

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று உங்கள் அம்மா எல்லோரிடமும் சொன்னார். காரியங்கள் குறைவில்லாமல் நடந்தன. கிரேன்காரர்கள் சீருடையிலேயே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி வாரத்தில் அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்ல வந்தார். அன்று உணவு ஆலோசகர் முன்னால் நடந்ததைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். தலையணையைச் சரிசெய்யச் சொன்னார்.

உடலை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது உங்கள் அம்மா மேலே விழுந்து அழுதார். "அப்பனக் கொண்டுபோன வியாதி உன்னையும் கொண்டுபோச்சே, ராசா! அவருக்கும் இப்படித்தானே வயித்துல பை வச்சாங்க!" என்றார். அழுகிறவர் பேச்சை யார் கவனிப்பார்கள்? யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மாமா மாரடைப்பில் போனார் என்றுதான் கல்யாணமான நாள் முதல் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் தம்பியும் அதைத்தான் நம்பியிருந்தார். அப்பா போனபோது அவர் கைக்குழந்தை. நீங்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது இதை டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு முதல்லயே கேட்டேனே. கிடையவே கிடையாதுன்னு அவரோட அம்மா சொன்னாங்களே" என்றார். முன்பே தெரிந்திருந்தால் பல வருஷங்களுக்கு முன்னால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்திருக்கலாமாம். கட்டி சின்ன மொட்டாக இருக்கும்போதே கிள்ளி எடுத்திருக்கலாமாம். அப்பாவுக்கு இருந்த ஆள் இப்படிச் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் கூடுமாம். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை.

மகளை உங்கள் அம்மா தன்னோடு அழைத்துப்போய்விட்டார். அவளும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள். பாட்டி அழுதபோது என்ன சொன்னார் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "செத்தவரு மேலயே பழி போடறியாம்மா?" என்று கேட்டாள். வழிக்குச் சாப்பிட ஒரு டப்பா கட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தால், செருப்பு வைக்கும் பலகைமேல் இருந்தது.

கூடப்பிறந்தவர்கள் தள்ளிப்போடாமல் ஒரு தடவை குடலைச் சோதித்துவிட வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். நீங்கள் அவரைவிட மூத்தவர். சாப்பாடும் அவருடைய சாப்பாடுதான். இந்தக் கடிதத்தை வைத்த கையோடு போய்ப் பாருங்கள். என் மகளும் உரிய வயது வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுடைய அப்பாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் என்ன இருந்தது என்று அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். உங்கள் அம்மா சொல்ல மாட்டார்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், அண்ணி. தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவளுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி