மூடி திறக்காத நெய் டின்

அப்பாவுக்கு ராம் ராம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எருமை கன்று ஈன்றுவிட்டதா?

செவ்வாய்க்கிழமை பயிற்சி முகாமில் எடை பார்க்கும்போது லேசாகத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று கிலோ பிரிவுக்குள் வருவதற்காக, போனில் பார்த்தபடி பதினோரு நாள் பச்சைச் சாறு மட்டும் குடித்திருந்தேன். எடை குறைந்தது, பிடியும் தளர்ந்துவிட்டது.

கோச் தல்பீர்தான் தூக்கி நிறுத்தினார். "எதிராளி தொடறதுக்கு முன்னாடி நீயே விழுந்துட்டா, அவ எதுக்கும்மா மல்யுத்தம் கத்துக்கிட்டா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரொட்டி தின்னு, ஐம்பத்தேழு கிலோ பிரிவுல இறங்கு. முடியாதுன்னா இன்னிக்கே ஊருக்கு ரோத்தக் பஸ் ஏறு."

போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை தேர்வுப் போட்டி. ஐம்பத்தேழில் எனக்கு எதிராக நிற்பவள், போன மாதம் ஒருத்தியின் தோள்மூட்டை நழுவ வைத்தவள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கம்பு மாவும் வெல்லமும் அனுப்புங்கள். உங்கள் பழைய துண்டில் சுற்றி அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய நெய் தீர்ந்துவிட்டது என்று போனில் சொன்னது பொய். வீட்டில் எல்லோரும் வறட்டு ரொட்டி தின்று எனக்காகச் சேர்த்த நெய், கட்டிலுக்கு அடியில் மூடி திறக்காமல் கிடந்தது. இன்று காலை திறந்தேன். முதல் கவளம் இறங்க நேரமாயிற்று. நான்கு ரொட்டி தின்றேன், அப்பா. இது பொய்யில்லை.

சுதேஷ்