முப்பத்தோராம் பக்கத்து அட்டவணை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு இருமிக்கொண்டு திரியாதே. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உன் மாப்பிள்ளையோ, வீட்டிலுள்ள தாழ்ப்பாள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு வாயைத் திற.

உன் மறைக்கல்விப் புத்தகத்தில் பெரிய பிழை ஒன்று விழுந்திருக்கிறது. உன்னுடையதல்ல, என்னுடையது. முப்பத்தோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருந்தாய் அல்லவா? இடப்பக்கம் பழைய ஏற்பாட்டில் நடந்தது, வலப்பக்கம் அது எதற்கு முன்னடையாளம் என்பது. அந்த வலப்பக்கம் முழுவதும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. கடைசியில் இருந்த இயேசுவின் உயிர்ப்பு, மேலே போய் நோவாவின் வெள்ளத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. விறகு சுமந்து மலையேறிய ஈசாக்குக்கு எதிரே சிலுவை சுமந்த இயேசு இல்லை, திருமுழுக்கு இருக்கிறது. பாலைவனத்தில் வானிலிருந்து விழுந்த உணவான மன்னாவுக்கு எதிரே சிலுவை. பாம்புக்கடி பட்டவர்கள் பார்த்துப் பிழைத்த வெண்கலப் பாம்புக்கு எதிரே நற்கருணை அப்பம். மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவுக்கு எதிரே சிலுவையில் உயர்த்தப்பட்ட இயேசு. கடைசி ப்ரூஃபைப் பார்த்து 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று ஞாயிறு பாடம் நடந்தும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நானே கண்டுபிடிக்கவில்லை. சாக்பீஸும் கையுமாக நின்று, "பாம்பைப் பார்த்தவங்க பிழைச்சாங்க, நற்கருணையைப் பார்க்கிற நாமளும் பிழைப்போம்" என்று கூசாமல் விளக்கினேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கையில்தான் சுரீர் என்றது.

மறுநாள், அதே பாடம் எடுக்கும் மற்ற இருவரிடமும் நைசாக விசாரித்தேன். கணக்கு டீச்சர் அசரவில்லை. மன்னாவைத் தினமும் பொறுக்கிச் சுமந்துதானே கொண்டுபோனார்கள், அதுதான் சிலுவை என்று சொல்லிக் கொடுத்தாராம். பாட்டு மாஸ்டர் அதற்கும் மேலே. "மீன் அவரை மேல தூக்கித்தானே கரையில கக்குச்சு, அப்ப அவரும் உயர்த்தப்பட்டவர்தானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நேரே அச்சகத்துக்கு நடந்தேன்.

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "யாருமே கேக்கல, நீயா ஏம்மா கிளறுற? சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காத" என்றார். வரும் வெள்ளிக்கிழமை பக்கத்துக் கோயில்களான இன்னும் இரண்டு பங்குகளுக்காக அதே பக்கம் அப்படியே மறுபடி அச்சாகப் போகிறது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அண்ணா. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். எதை எதற்கு எதிரே வைத்தாலும் ஓர் அர்த்தம் வந்துவிடும் என்றால், அந்த அர்த்தம் அங்கேயே இருந்ததா, நாம் கொண்டுபோய் ஒட்டியதா? இந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. யோனாவுக்காக மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கிறேன் என்று உனக்கே தெரியும்.

அந்த ப்ரூஃப் என் மேசைக்கு வந்தது, பாப்பா இறந்து பிறந்த ஆறாம் நாள். வீட்டில் இருக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள் ஒருத்தி. "அடுத்தது தங்கும்" என்றாள் இன்னொருத்தி. தாங்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். உன் கடிதம் அன்று காலைதான் வந்தது. நீயும் காரணத்தோடுதான் வந்திருந்தாய். இந்த இழப்பும் வரப்போகும் ஏதோ ஒன்றுக்கு முன்னடையாளம், இப்போது இடப்பக்கம் மட்டும் தெரிகிறது, வலப்பக்கத்தை ஆண்டவர் எழுதுவார், பொறுத்திரு என்று எழுதியிருந்தாய். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். புள்ளி, ஒற்று எல்லாம் சரியாக இருந்தன. எது எதற்கு எதிரே நிற்கிறது என்று மட்டும் என் கண்ணில் படவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். நேராகவே சொல்லிவிட்டேன்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோனாவை முழுதாகப் படித்தேன். நாம் அந்த மூன்று நாளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம். அவன் கதை அதற்குப் பிறகும் போகிறது. நிழல் தந்த செடி பட்டுப்போகிறது. அவன் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, சாகலாம் போலக் கோபம் என்கிறான். செடிக்காக நீ வருந்துகிறாய், வலக்கை எது இடக்கை எது என்று தெரியாத இத்தனை பேர் உள்ள ஊருக்காக நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். அவ்வளவுதான், கேள்வியோடு முடிகிறது. அதைத் தங்கள் மறைநூலாக வாசிக்கும் யூதர்களுக்கு அது அப்படியே முழுக்கதை. எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று அவர்கள் நினைப்பதில்லை.

நமக்கு அதில் இயேசு தெரிகிறார். அது பொய்யென்று நான் சொல்லவில்லை. யோனாவைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் அவரே தம் வாயால் சொன்னார். காலியான கல்லறையைப் பார்த்தவர்கள் பிறகு திரும்பிப் பார்த்துத்தான் மற்றதையும் புரிந்துகொண்டார்கள். உன் அட்டவணையை நான் நம்புகிறேன். தப்பான அட்டவணைக்கும் சளைக்காமல் விளக்கம் சொன்ன என் வாயைத்தான் நம்பவில்லை. உன் பேனாவையும்தான். எதைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் பார்த்தாய்? அவளை நீ பார்க்கக்கூட இல்லையே.

நான் பார்த்தேன். தலை நிறைய முடி. காது உன்னைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உன் மாப்பிள்ளை அவளைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, கால் வெளியே தெரிகிறது, குளிரும் என்று இழுத்து மூடினார்.

வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்தைத் திருத்திவிடுவேன். முதலாளி முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். பிழையைத் திருத்தச் சொல்லி நூலாசிரியர் என்ற முறையில் பங்குத்தந்தைக்கு இரண்டு வரி எழுதிப் போடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுகிறேன், டீச்சர் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்று.

உன்னிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அவளுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. மருத்துவமனைத் தாளில் 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. யோசித்து வைத்திருந்த பெயர்களைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. நீ தாய்மாமன். நீ ஒரு பெயர் சொல். மறைநூலிலிருந்து எடுக்காதே, அங்கே இருப்பவையெல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் பெயர்கள். அவளுக்கென்றே ஒன்று யோசித்து எழுது. திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்காக வேண்டு. அடுத்து வரப்போகும் பிள்ளைக்காக இப்போது வேண்டாதே.

ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

நீ சொல்லப்போகும் பெயருக்காகக் காத்திருக்கும்
தங்கை