பெண் பிள்ளை பாவித்த லெப்டொப்

விரல்களில் இன்னும் சாம்பிராணி மணக்கிறது. காலையில் உன் லெப்டொப்பைத் திறந்தேன். இரண்டு விசிறிகளும் சுற்றத் தொடங்கியதும் உள்ளேயிருந்து அந்த மணம்தான் வந்தது. உன் எட்டாம் நாள் படையலுக்குச் சட்டம் போட்ட படம் வந்து சேரவில்லை. அதனால் இதன் பதினேழு அங்குலத் திரையில் உன் முகத்தைப் போட்டு, முன்னால் இறால் பொரியலும் சோறும் படைத்தார்கள். அன்று முழுக்க இழுத்த புகையை மெஷின் இன்னும் விட்டு முடிக்கவில்லை. மூடியில் உன் பெரியம்மா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது.

உன் அண்ணன்தான் கூப்பிட்டிருந்தார். "தங்கச்சி, நீதானே இவளோட படிச்ச. சாமான் என்ன நிலைமை எண்டு பாத்து ரெண்டு வரி எழுதித் தா. வித்துப் போடுவம்."

பார்த்தேன். மூடியின் மூலையை அழுத்தினால் வளையவில்லை, அசல் அலுமினியம். மூடியை உடம்போடு பிடிக்கும் இடது பிணைச்சல் தளர்ந்திருக்கிறது. பெரியகல்லாற்றிலிருந்து டவுனுக்கு நெரிசல் பஸ்ஸில் சுமந்துபோன பலன். திருகாணிகளில் உப்புக்காற்றின் துரு. பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்காது, புதிதிலும் அப்படித்தான். சார்ஜர் ஒரு செங்கல். விசைப்பலகையில் ஐந்தாறு எழுத்துகள் தேய்ந்தே போய்விட்டன. திரையில் நிறம் மட்டும் இன்னும் அச்சொட்டு.

நாம் இருவரும் போய் இதை வாங்கிய நாளில் கடைக்காரர் உன்னிடம் கேட்டார்: "கேம் விளையாட, தம்பிக்கா?"

"எனக்குத்தான். வீட்டுப் படம் கீற."

"அதுக்கு இவ்வளவு பெரிய சாமான் என்னத்துக்கு தங்கச்சி? மெல்லிசா ரோஸ் கலர்ல ஒண்டு கிடக்கு, காட்டவா?"

"அத உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்க அண்ணன். இத ஓட விட்டுட்டு, அந்த ஏசியை நிப்பாட்டுங்க."

"ஏன்?"

"எங்கட வீட்டில ஏசி இல்ல. தகரக் கூரை."

அரை மணித்தியாலம் மூன்று பேரும் வியர்த்து ஊற்ற நின்றோம். நீ விசைப்பலகைக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தாய். வெளிநாட்டில் குளிர் அறைக்குள் இருந்து ஒருவன் சோதித்துப் பார்த்து லெப்டொப்புக்குப் போடும் புள்ளி நமக்கு எதற்கு என்றாய்.

அதற்குப் பிறகு இதில் எத்தனை வீடுகளை எழுப்பினாய்! காகிதத்தில் வெறும் கோடாகக் கிடக்கும் வரைபடம் உன் திரையில் வெயில் விழும் முற்றத்தோடு நிற்கும். ஒரு படம் முடிய ஒரு பகல் முழுக்க மெஷின் இரையும். வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர்கள் அதை வாங்கி, தங்கள் பெயரைப் போட்டு, வீட்டுக்காரருக்குக் காட்டினார்கள். உன் பெயரை ஏன் போடவில்லை என்று ஒருவரிடம் நான் கேட்டேவிட்டேன். "பொம்பிளப் பிள்ள கீறினது எண்டா ஆரு நம்பிக் கட்டுவான்?" என்றார். நீ சிரித்தாய். எனக்கு இன்றுவரை அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனாய். அவர்களில் ஒருவரும் வரவில்லை. ஒருவர் மட்டும் போன் எடுத்தார், பாதியில் கிடந்த தன் படம் என்ன ஆயிற்று என்று கேட்க.

அண்ணனிடம் உள்ளதை எழுதிக் கொடுத்தேன்: கடும் வேலை பார்த்தது, உடம்பு உறுதி, பிணைச்சல் தளர்வு. வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் என்னத்துக்கு? பொம்பிளப் பிள்ள பாவிச்சது எண்டு போடு. பெரிசா ஓடியிருக்காது எண்டு நினைச்சு வாங்குவானுகள்."

"அது பொய் அண்ணன்."

"ஏன், அவள் பொம்பிளப் பிள்ள இல்லையா?"

அவர் கெட்டவர் இல்லை. அழுது அழுது கண் வீங்கித்தான் இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்துவிட்டு வந்திருப்பேன். என் முன்னாலேயே விளம்பரத்தில் அந்த வரியைப் போட்டார். பிறகு, "உள்ளுக்க கிடக்கிறதெல்லாம் அழிச்சுத் தா, பின்னேரம் ஆள் வருது" என்றார்.

பெரிய உடம்பில் ஒரு வசதி உண்டு. சேமிப்புத் தகடு இரண்டு மாட்டலாம். ஒன்றில் மெஷின் ஓடும். மற்றதில் உன் வீடுகள் எல்லாம் இருந்தன. முதலாவதை அழித்தேன். அடிமூடியைக் கழற்றி இரண்டாவதை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.

"இது எனக்கு வேணும்."

"அதுக்குள்ள என்ன கிடக்கு?"

"அவள்ட வேலை."

"அது இனி ஆருக்கு உதவும்? கொண்டு போ."

கொண்டுவந்து என் மெல்லிய லெப்டொப்பில் மாட்டினேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. "களுவாஞ்சிக்குடி டீச்சர் வீடு" என்பதைத் திறந்தேன். அத்திவாரம் வந்தது. முன்சுவர் வந்தது. அதோடு மெஷின் உறைந்து நின்றது. மூன்று தரம் அணைத்துப் போட்டேன், மூன்று தரமும் அதே இடம். மேசையில் ஓங்கிக் குத்தியதில் கை வலிக்கிறது.

நாளைக் காலை வேலைக்குப் போகும் பஸ் அந்த டீச்சர் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், மாடியில் உடுப்புக் காயும். கைப்பையில் விரலளவுத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு போவேன். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். என்னிடம் இன்னும் முன்சுவர்தான்.