மஞ்சள் தாள் நட்சத்திரம்

சிவகாசி
4-11-1977

அன்புத் தியோடருக்கு வேதாசலம் எழுதுவது.

இங்கே நானும் தாயம்மாளும் கமலாவும் நலம். நீயும் சாராவும் பிள்ளையும் சுகமா? மூன்று கடிதம் போட்டால் ஒன்றுக்குப் பதில் போடுகிற ஆள் நீ. உப்பல் ஃபேக்டரியில் பேனா மைக்கும் ரேஷன் வைத்துவிட்டார்களா?

ஒரு விஷயம். எங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் பிளேட் செக்‌ஷனுக்கு என்னை ஃபோர்மேன் ஆக்குகிறேன் என்கிறார் முதலாளி. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தாயம்மாளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பயம். பிளேட்டில் பூசுகிற கரைசலுக்கு டைக்ரோமேட் உப்பை இன்றும் மூன்று தடவை நிறுக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அறுபத்தொன்பது டிசம்பரில் அங்கே நம் ஃபேக்டரியில் என் கரைசலால் இருநூறு சர்க்யூட் போர்டு பாழாயிற்றே, அதில் எங்கே தவறினேன் என்று எட்டு வருஷமாகத் தெரியவில்லை. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகி, மற்ற இடம் கழுவினால் போகவேண்டிய பூச்சு எல்லா இடத்திலும் இறுகி நின்றது. டைக்ரோமேட் கூடிவிட்டது என்று வெங்கடராமன் சார் ரிப்போர்ட் எழுதி என்னை ஸ்டோருக்கு மாற்றினார். அவமானம் தாங்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன். நீ என் பக்கத்து மேஜையில் இருந்தவன். என் தப்பு என்ன என்று மறைக்காமல் சொல். அதை வைத்துத்தான் முதலாளிக்குப் பதில் சொல்வேன்.

கமலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ செய்துகொடுத்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உன்
வேதா


செகந்திராபாத்
19-11-1977

வேதா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். கடைசியில் சாராவிடம் காட்டினேன். "இப்பவாவது சொல்லிடுங்க. இல்லேன்னா நான் எழுதுறேன்" என்றாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் கரைசல் சரியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் உன் மகள் கமலா மஞ்சள் நட்சத்திரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாளே. ஜெனரல் பஜாரில் சிவப்புத் தாளும் பச்சைத் தாளும்தான் இருந்தன. காட்டினால் வேண்டாம் என்று இந்த ஊர் பாஷையில் "நக்கோ, நக்கோ" என்று அழுதாள். நம் பூச்சு அறை ஜன்னலில் வெளிச்சத்தை வடிகட்ட மஞ்சள் தாளை இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கும் அல்லவா? ஒன்று போதாதா என்று உள்தாளை நான்தான் உரித்து நட்சத்திரம் செய்தேன். வெளித்தாள் வெயிலில் வெளுத்துக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. பகல் வெளிச்சம் உள்ளே வந்து, நெகட்டிவ் வைக்கும் முன்பே பூச்சு இறுகிவிட்டது.

போர்டுகள் கெட்டதுமே எனக்குப் புரிந்தது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் புதுத் தாள் ஒட்டினேன். உன்னை விசாரித்தபோது, இவன் டைக்ரோமேட் நிறுத்ததை நீ பார்த்தாயா என்று சார் என்னிடம் கேட்டார். "அளவு நான் பாக்கல சார்" என்றேன். அது பொய் இல்லை, பொய்யைவிட மோசம். சாராவுக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

உனக்குச் சரியாகப் பதில் போடாததும் இதனால்தான். ஒவ்வொரு கடிதத்திலும் சுகமா என்று கேட்பாய். எனக்கு உடம்பு கூசும்.

ஃபோர்மேன் வேலையை ஒப்புக்கொள். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தியோடர்


சிவகாசி
2-12-1977

திரு. தியோடர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தேன். பூசிய பிளேட்டின் ஒரு பாதியில் கமலாவின் நட்சத்திரத்தை மடக்கி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினேன். நட்சத்திரத்துக்கு அடியில் பூச்சு சுத்தமாகக் கரைந்து போயிற்று. மறு பாதியில் அப்படியே இறுகி நின்றது. அன்றைக்குப் போர்டுகளில் நான் பார்த்தது அதேதான். பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று டைக்ரோமேட்டை ஒரே தடவைதான் நிறுத்தேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு வருஷம் கழித்துச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் கை அளவை நம்பாமல் காப்பிக்குச் சர்க்கரை போடக்கூடத் தாயம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், எட்டு வருஷம்.

நட்சத்திரத்தைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெங்கடராமன் சாரிடம் கொடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள். தப்பு என்னுடையது இல்லை என்று அவர் கைப்பட எனக்கு ஒரு கடிதம் வரட்டும். அதுவரை நீங்கள் எழுத வேண்டாம்.

எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கமலா கேட்டாள். அது நம்முடையது இல்லை, ஃபேக்டரி சாமான் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
சு. வேதாசலம்