சோதனைக்கு வாங்கிய டப்பாக்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாசமான உடம்போடு இருக்கிற உனக்கு நல்ல செய்தி மட்டும் எழுத நினைத்தேன், இருந்தால்தானே எழுத? கால் வீக்கம் வடிந்ததா? மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

உணவு ஆய்வுக்கூடத்தில் என் வேலை உனக்குத் தெரியும். கடைகளில் யாரென்று சொல்லாமல், வீட்டுக்கு வாங்குவதுபோல் வாங்கி வந்து சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதனால் என்னைத் தெரியாத பேட்டைகளுக்குத்தான் போவேன். அன்று கொட்டுகிற மழை. சோம்பல்பட்டு நம் தெருமுனைக் கடையிலேயே குழந்தைகளுக்கான பால் பவுடரை வாங்கிவிட்டேன்.

அந்தப் பவுடரைக் குடித்த குழந்தைகளுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. மறுநாள் பத்திரிகையே வரவில்லை. வதந்தி பரப்பினால் கைது என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு யார் வாய் திறப்பார்கள்? நம் தெருக்காரர்கள் என் கைப்பையைப் பார்த்துப் பார்த்துச் சாமான் வாங்கப் பழகிவிட்டார்கள். நான் டப்பாக்களோடு வருவதைப் பார்த்ததும், “லேப் அக்காவே அள்ளிக்கிட்டுப் போறாங்க, நமக்கென்ன பயம்” என்று ஆளுக்கொன்று வாங்கினார்களாம். என் வீட்டில் பால் பவுடர் குடிக்க யாரடி இருக்கிறார்கள்? ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரிக்குத் தாய்ப்பால் போதாது. பத்திரிகைச் செய்திக்குப் பயந்து பவுடரை நிறுத்தியிருந்தவள், என்னை நம்பி மறுபடி குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

சோதனை முடிவு வந்தது. சிறுநீரகத்தையே கெடுக்கிற சரக்கு. மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டு, “வெளிய தெரிஞ்சா ஜனங்க பீதியாயிடுவாங்க. வாயத் திறந்தா வேலை மட்டும் போகாது, கம்பி எண்ணணும்” என்றார். பிள்ளைகள் வாடலாம், பீதி மட்டும் ஆகாது.

நேரே தையல்காரி வீட்டுக்குப் போனேன். குழந்தை துவண்டு கிடந்தது, அழக்கூடத் தெம்பில்லை. விஷயத்தைச் சொன்னேன். “உங்களப் பாத்துத்தானேக்கா வாங்கினேன்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, திரும்பும்போது தெருமுனைக் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கடைக்காரர், “மெதுவாப் பேசுங்கம்மா” என்று கெஞ்சினார். மெதுவாகப் பேசித்தானே இந்தக் கதி என்றேன்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீர் கட்டிக் கிடந்த குழந்தை மூத்திரம் போய்விட்டது. தையல்காரி சேலையெல்லாம் நனைந்து நின்று சிரித்தாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

நாளை போலீஸில் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுப்புடவையும் எடுத்து வரச் சொன்னார்கள். உன் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. தாயும் சேயுமாக நல்லபடியாகப் பிழைத்து நிறைவாக இரு. அக்கா எங்கே என்று உன் புகுந்த வீட்டில் கேட்டால், வெளியூர் போயிருக்கிறாள் என்று மட்டும் மழுப்பாதே. நான் எங்கே இருக்கிறேன், எதற்காக இருக்கிறேன், இரண்டையும் சத்தமாகவே சொல்.

உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா