எதை நீக்கச் சொல்வது

அன்பு மகள் சூரினுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே குன்சானில் நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. கைபேசியில் எழுத இப்போது எனக்குப் பயம், அதனால்தான் காகிதம். உன் தங்கை தாமிக்குக் காய்ச்சல், அதனால் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். பாட்டு வகுப்பில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் எடுத்து, துணியில்லாத வேறொரு உடம்பில் ஒட்டி, பையன்கள் கூடும் அரட்டைக் குழுவில் ஒரு மாணவன் போட்டுவிட்டான். கம்ப்யூட்டரே அப்படிச் செய்து கொடுக்கிறதாம். நானும் பார்த்தேன். அது நம் தாமி இல்லை என்று தெரியும், ஆனால் முகம் அவளுடையது, இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அப்பாவும் நானும் போலீசுக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர், பார்லி டீ கொடுத்து, "அம்மா, அந்த அரட்டைக் குழுவ நடத்துற கம்பெனி நம்ம நாட்டுல இல்ல, எழுதிக் கேட்டிருக்கோம், பதில் வந்தா உண்டு" என்றார். படங்களை நீக்குவதற்கென்று இருக்கிற அலுவலகத்தில் சொன்னோம், ஓரிடத்தில் எடுத்தார்கள், வேறோர் இடத்தில் முளைத்தது. பையன் பிடிபட்டான், படம் பிடிபடவில்லை. ஆத்திரம் தாங்காமல், நம் வட்டாரத்து அம்மாக்கள் எழுதும் இணையப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். பள்ளி முதல்வர் எங்களை அழைத்து, "வெளிய சொல்லாதீங்க, பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்" என்றதையும் சேர்த்துத்தான் எழுதினேன். ஒரு வரி பொய் இல்லை. மறுநாளே அதை மறைத்துவிட்டார்கள். முதல்வர் புகார் கொடுத்தாராம், உண்மையாகவே இருந்தாலும் ஒருவர் பேர் கெடுகிறது என்றால் ஒரு மாதம் மறைத்து வைக்கலாமாம். அந்த அசிங்கத்தை எடுக்க ஆளில்லை, என் எழுத்தை எடுக்க மட்டும் எங்கிருந்து வந்தார்கள்?

இந்த மாதிரிப் படங்களை உடனே நீக்கும் புதுச் சட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று நகர மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். உன் அப்பா மைக்கை வாங்கி, "எல்லாத்தையும் இழுத்து மூடுங்கய்யா!" என்று கத்தினார். வாலிபத்தில், ராணுவ ஆட்சி தடை செய்த ஒரு துண்டறிக்கையை வைத்திருந்ததற்காக முதுகு வீங்க அடி வாங்கியவர் அப்படிக் கத்தியது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில், "என் பொண்டாட்டி எழுதினத மட்டும் ஏன் மூடினீங்க?" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். மேடையில் இருந்த பெண் அதிகாரி சிரிக்கவில்லை. "ஐயா, உங்க மக படத்த உடனே எடுக்கணும்னா, விசாரிக்காம எடுக்கிற அதிகாரம் எங்களுக்கு வேணும். அதக் குடுத்தா உங்க வீட்டம்மா எழுதினதும் அதுலயே போயிடும். ரெண்டுக்கும் நடுவுல கோட்ட எங்க போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அப்பா மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில், "எனக்கு ஒண்ணும் புரியல சூரின் அம்மா" என்றார். எனக்கு மட்டும் புரிந்ததா என்ன.

போன வாரம் அந்த ஒரு மாதம் முடிந்து என் பதிவு திரும்ப வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஓடிப்போய்த் தாமியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அம்மா, இத நீயே எடுத்துடு" என்றாள். "உன் பேரே போடலையேடி" என்றேன். "பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கு, பாட்டு டீச்சர்னு இருக்கு. படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அழுதுட்டு, அப்புறம் போய் அந்தப் படத்தத் தேடுறாங்கம்மா" என்றாள். முதல்வர் மறைத்தபோது கொதித்த நான், என் விரலாலேயே அதை நீக்கினேன். அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றா? வேறு என்றுதான் தோன்றுகிறது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன் என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் இரு என்றேன், பிள்ளைகளுக்குப் பாட்டு பாதியில் நிற்கிறது என்கிறாள். தடுக்கவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை.

மிளகாய்த் தூளும் கருவாடும் தனியாக அனுப்பியிருக்கிறேன், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. அக்கா என்ற அக்கறையில் கூட அந்தப் படத்தைத் தேடிப் பார்க்காதே. தேடுகிறவர்கள் கூடக் கூட இணையத் தேடலில் அது மேலே வருமாம். தங்கையைப் பார்க்க ஆசையாக இருந்தால் அவளைக் கூப்பிட்டுப் பேசு.

உன் அம்மா,
ஓக்பூன்