சீல் உடைக்காத வாட்ச்

9, திங்கள்
வெயில். நிலக்கரித் தூள். கடை ஷோகேஸ் கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன். புது ஸ்மார்ட் வாட்ச் வந்திருக்கிறது. பிரஷர் பார்க்குமாம், ஊசி இல்லாமல் சுகரும். எப்படி? பெட்டியில் எழுதவில்லை.

முதலாளி சட்டம்: சீலை உடைத்துக் காட்டக் கூடாது. டவுன்ஷிப் ஆள், கழுத்தில் சுரங்கத்துப் பர்மனென்ட் கார்டு என்றால் மட்டும் உடைக்கலாம். கான்ட்ராக்ட் ஆளுக்குப் பெட்டிமேல் இருக்கும் படம் போதுமாம்.

மாலை, கம்மாபுரம் செல்வம் அண்ணன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட். வியாழன் மெடிக்கல் செக்கப். பிரஷர் ஏறியிருந்தால் வேலை இல்லை.

"ஒரு தபா கட்டிப் பாத்துக்கறேன் தங்கச்சி."

"சீல் உடைக்கக் கூடாதுங்க."

"வாரண்டி?"

"ஆறு மாசம்."

"அப்ப இதுவும் என்ன மாரி கான்ட்ராக்ட்தான்."

சிரித்தார். வாங்கிப் போனார். விற்றது நான்.

10, செவ்வாய்
புழுக்கம். பர்மனென்ட் ஒருவர் கேட்டார், சீல் உடைந்தது. கலர் பிடிக்கவில்லையாம், போய்விட்டார். பிரித்த வாட்ச் மிச்சம். சோதித்தேன்.
நான்: 118/76.
முதலாளி (தினம் இரண்டு மாத்திரை): 118/77.
தண்ணீர் பாட்டில்: 119/76.
பாட்டிலுக்கு நல்ல ஆரோக்கியம்.

முதலாளி: "பெட்டில இருக்கறத சொல்லி விக்கிறோம். நீ என்ன டாக்டரா?"

அண்ணனுக்கு நான்கு முறை போன். எடுக்கவில்லை.

11, புதன்
மின்வெட்டு, பதினொன்று வரை. பிறகு அண்ணனே வந்தார், ஷிப்ட் முடிந்து, சந்தோஷமாக. கூட வேலை செய்யும் செட்டு ஆட்கள் இரண்டு பேருக்கும் வாட்ச் வேண்டுமாம்.

"எப்ப பாத்தாலும் நார்மல். மாத்திரைய நிறுத்திட்டேன்."

பிரித்த வாட்சைப் பாட்டிலில் கட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இது நாலு பேரு கை பட்ட பீஸு, கெட்டிருக்கும். நம்மளுது சீலோட வந்தது தங்கச்சி."

பிரிக்க விடாமல் வைத்து வைத்து, சீலையே நம்ப வைத்திருக்கிறோம்.

"மாத்திரைய போடுங்கண்ணே. ஆஸ்பத்திரில பாருங்க."

"பாத்துகினுதான இருக்கறேன், கையிலயே," என்று மணிக்கட்டைக் காட்டினார். முதலாளி இரண்டு பெட்டியை எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்தார்.

12, வியாழன்
மேகம். மழை இல்லை. மூன்று மணிக்கு அண்ணன். டாக்டர் மிஷினில் மேல் அளவு நூற்று எழுபது. 'அடுத்த கான்ட்ராக்ட்ல பாக்கலாம்' என்று அனுப்பிவிட்டார்களாம்.

"அவங்க மிஷினு பழசு போல. பாரு, இதுல நூத்திப் பதினெட்டு."

"கழட்டிக் குடுங்கண்ணே."

அவர் வாட்சையே பாட்டிலில் கட்டினேன். பச்சை வெளிச்சம் மினுக்கியது. 118/76.

அண்ணன் வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"திங்கக்கிழமயே இத பிரிச்சிக் காட்டியிருக்கலாமே, தங்கச்சி."